சவரக் கத்தி: தோலை இழுக்கிற கைதான் சவரம் செய்கிறது (முழுமையான வழிகாட்டி)

குன்னூர் மார்க்கெட்டுக்கு இறங்குகிற படிக்கட்டுச் சந்தில் ஒரு சின்ன சலூன் இருந்தது. இரண்டு நாற்காலி, ரசம் போன கண்ணாடி, மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் மேல் எந்நேரமும் ஆவி பறக்கிற தண்ணீர்க் குண்டா. ஒரு டிசம்பர் மாதம் முழுக்க, வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். கடைக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வருகிறவர்களுக்கெல்லாம் புது பிளேடு மாட்டிச் சவரம் செய்கிறவர், நாலைந்து பழைய வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும் அவரவர் கொடுத்து வைத்திருந்த சொந்தக் கத்தியை அலமாரியிலிருந்து எடுப்பார். முழு எஃகில் அடித்த மடக்குக் கத்தி. அது கன்னத்தில் இறங்கும்போது, புதுத் துடைப்பம் சிமென்ட் தரையில் லேசாக உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

ஒரு வாரம் என் கண் அந்தக் கத்தியையும் அதைப் பிடித்த வலது கையையும் விட்டு நகரவில்லை. அவர் கவனித்துவிட்டார்.

"தம்பி, அந்தக் கையை ஏனுங்க பாத்துட்டு இருக்கீங்க? வேலை செய்யறது இந்தக் கை."

இடது கையைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரல் நுனியும் இரண்டு விரல் நுனிகளும் படிகாரம் பட்டு வெளுத்துச் சொரசொரப்பாக இருந்தன. ஈரமான கன்னத்தில் வழுக்காமல் தோலைப் பிடித்து இழுக்கத்தான் அந்தப் படிகாரம். தோல் மத்தளம் போல இறுகி நின்றால் கத்திக்குச் சும்மா நடந்து போகிற வேலைதான். தோல் தொளதொளவென்று இருந்தால், எவ்வளவு நல்ல கத்தியும் அதை உழுதுவிடும்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகும். 1901இல் கிங் கேம்ப் கில்லெட் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1904இல் பெற்ற சேஃப்டி ரேசர், பிளேடை ஒரு தலைக்குள் பூட்டி, எந்தச் சாய்வில் அது தோலைத் தொட வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்துகொண்டது. மடக்குக் கத்தியில் அந்தப் பூட்டு கிடையாது. சாய்வு, தோலின் இறுக்கம், கையின் கனம் எல்லாமே உங்கள் பொறுப்பு. கைப்பழக்கம் வராமல் எவ்வளவு விலை உயர்ந்த கத்தி வாங்கினாலும் முகம் எரியும். பழக்கம் வந்துவிட்டால், தாத்தா காலத்துக் கத்தியிலேயே இரண்டு நாளைக்குத் தாங்குகிற வழவழப்பு கிடைக்கும்.

கத்தி வாங்குமுன்

கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்வார்கள். எட்டில் ஐந்து என்றால் சுமார் 16 மில்லிமீட்டர், எட்டில் ஆறு என்றால் 19. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்று போதும். இதைவிட அகலமானது மூக்கின் கீழே திரும்பாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் இந்தத் தொழிலில் பேர் போன ஊர்கள். பழைய கத்தி கிடைத்தால் காம்பில் (வெட்டுகிற பகுதிக்குப் பின்னால் இருக்கிற எஃகில்) ஊர்ப்பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, வெட்டுகிற ஓரமான வாயில் பல் விழுந்திருக்கிறதா, துரு வாய் வரைக்கும் வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் இருக்கிற கறை பரவாயில்லை. வாயில் குழி விழுந்த துரு இருந்தால் வாங்காதீர்கள்.

ஆன்லைனில் முந்நூறு, நானூறு ரூபாய்க்குப் பளபளப்பாக வருகிற கத்திகளில் ஒன்றை நானும் வாங்கினேன். பெட்டியிலிருந்து எடுத்து நேராகச் சவரம் செய்யலாம் என்று போட்டிருந்தார்கள். அந்தக் கத்தி தாடியை வெட்டவில்லை, பிடுங்கியது. பிறகு கல்லில் வைத்துப் பார்த்தபோது முதுகு ஒரு பக்கம் கோணலாக இருந்தது. அப்படிப்பட்ட கத்தியை எந்தத் தீட்டலும் காப்பாற்றாது. காசு குறைவாக இருந்தால், சலூனில் வைத்திருக்கிற மாதிரி பாதி பிளேடு மாட்டும் கத்தியில் பழகுங்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: அது கனமே இல்லாமல் இருக்கும், பிளேடும் வளைந்து கொடுக்காது, சின்னத் தப்பைக்கூட மன்னிக்காது. முழு எஃகுக் கத்தி அதைவிடச் சாது.

யாருடைய கத்தியையும் இரவல் வாங்காதீர்கள், உங்களுடையதைக் கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும், ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் ஒட்டிக்கொள்ள. அண்ணன் ஆளுக்கொரு கத்தி வைத்திருந்ததன் காரணம் அதுதான்.

கத்தியின் உடம்பும் பிடியும்

தடித்த மேல்பகுதி முதுகு. அதற்கு எதிரே வெட்டுகிற பகுதி வாய். வாயின் வெளி ஓரம் நுனி, காம்பை ஒட்டிய ஓரம் குதி. குதிக்குப் பின்னால் காம்பு, காம்பின் கடைசியில் வளைந்து நிற்பது வால். எல்லாம் ஓர் ஆணியில் கைப்பிடியோடு சேர்ந்து மடங்கும்.

கைப்பிடியை மேல் பக்கமாகத் திருப்பி நிறுத்துங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் காம்பின் முதுகில் உட்காரட்டும். கட்டைவிரல் காம்பின் அடியில், குதிக்குக் கொஞ்சம் பின்னால். சுண்டுவிரல் வாலின் மேல். பேனா பிடிப்பதைவிடக் கொஞ்சம் உறுதியாக, சாவி திருகுவதைவிட லேசாக இருந்தால் சரி. மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கத்தியை முகத்துக்கே கொண்டு போகாமல், திறந்து, பிடித்து, மடக்கிப் பழகுங்கள். மடக்கும்போது வாய் கைப்பிடியின் ஓரத்தில் உரசக்கூடாது.

இன்னொரு பழக்கத்தையும் அப்போதே உடம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். கத்தி கைநழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். இரண்டு கையையும் தூக்கி, ஓரடி பின்னால் போய் நில்லுங்கள். கத்தியை மறுபடி தீட்டிக்கொள்ளலாம்.

தோல் பட்டையில் தீட்டுவது

இதைத்தான் பலர் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். கல்லில் வைத்துத் தீட்டினால் எஃகு தேயும். தோல் பட்டையில் தீட்டினால் தேய்மானம் ஏறக்குறைய இல்லை. போன சவரத்தில் அங்கங்கே மடங்கி நெளிந்த வாய் மறுபடி நேராகும். ஒவ்வொரு சவரத்துக்கு முன்னாலும் இது வேண்டும்.

பட்டையின் ஒரு முனையைச் சுவர்க் கொக்கியில் மாட்டி, மறுமுனையை இடது கையில் இழுத்துப் பிடியுங்கள். துளிகூடத் தொய்வு இருக்கக்கூடாது. தொய்ந்தால் கத்தியின் வாய் உருண்டுவிடும். கத்தியைப் படுக்கப் போடுங்கள். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் தோலைத் தொட வேண்டும். முதுகு முன்னால் போக, வாய் பின்னால் இழுபட்டு வர வேண்டும். முனைக்குப் போனதும் நிறுத்துங்கள். கத்தியைத் தூக்காமல் முதுகின் மேலேயே புரட்டுங்கள், அப்புறம் திரும்பி வாருங்கள். வாயின் மேல் புரட்டினால் பட்டையும் போச்சு, கத்தியும் போச்சு.

துணிப் பட்டை இருந்தால் அதில் இருபது தடவை, தோலில் நாற்பது ஐம்பது தடவை போய் வந்தால் ஒரு சவரத்துக்குத் தாராளம். அழுத்த வேண்டாம். வேகமும் வேண்டாம். அண்ணன் தீட்டுகிற வேகத்தைப் பார்த்து நானும் சடசடவென்று தீட்டி, முதல் வாரமே பட்டையில் இரண்டு இடத்தில் வெட்டிவிட்டேன். அவர் அந்தப் பட்டையை வாங்கி, வெட்டுப்பட்ட ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்திக் கொடுத்தார். "சத்தம் ஒரே மாதிரி வரோணும். போறப்போ ஒரு சத்தம், வர்றப்போ ஒரு சத்தம்னா எங்கியோ சாயுதுன்னு அர்த்தம்" என்றார். இன்றைக்கும் காதை வைத்துத்தான் தீட்டுகிறேன்.

குளிரும் தாடியும்

சமவெளியில் இருக்கிறவர்கள் இந்தப் பகுதியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். மலையில் இருக்கிறவர்கள் இரண்டு முறை படியுங்கள்.

குளிரில் உடம்பு புல்லரிக்கும். புல்லரிக்கும்போது ஒவ்வொரு முடியின் அடியிலும் தோல் சின்ன மேடாக எழுந்து நிற்கிறது. அந்த மேட்டின் மேல் கத்தி போனால் முடியோடு சேர்த்து மேட்டின் தலையையும் சீவிக்கொண்டு போகும். ஊட்டியில் புல்வெளியெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிற ஜனவரிக் காலையில், ஒரு கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில், சட்டை போடாமல் ஜன்னல் பக்கம் நின்று சவரம் செய்தேன். கழுத்து முழுக்கச் சிவப்புப் புள்ளி. ஒன்றுகூட வெட்டு என்று சொல்லக்கூடிய வெட்டு இல்லை, ஆனால் தாலி கட்டுகிற நேரம் வரைக்கும் சட்டைக் காலர் எரிந்துகொண்டே இருந்தது. கத்தி மேல் தப்பில்லை, அன்றைக்கு நான் குளிரில் நின்றதுதான் தப்பு.

அதனால் முதலில் உடம்பைச் சூடாக்குங்கள். குளித்துவிட்டு வந்து சவரம் செய்வது உத்தமம். ஜன்னலைச் சாத்துங்கள், பனியனாவது போட்டுக்கொள்ளுங்கள். பிறகு சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். முடி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், உறிஞ்சியதும் மெத்தென்று ஆகும். காய்ந்த முடியைவிட நனைந்த முடியை வெட்டக் குறைந்த விசையே போதும். தண்ணீர் கொதிக்க வேண்டாம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சவரத்துக்கு அதில் பாதிச் சூடு போதும். கை பொறுக்கிற சூடு. மலையில் துண்டு ஒரு நிமிடத்தில் ஆறிவிடும், அதனால் இரண்டு துண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சவர பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் அடியில் வைத்து முடியை வெட்டிப் பார்த்தார்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மிருதுவான முடி எப்படி எஃகை மழுக்குகிறது என்பது கேள்வி. முடி வளைந்து நெளிய இடம் கிடைக்கிற நிலையில், எஃகுக்குள் வலுவில்லாத ஓர் இடத்தில் அது மோதினால், வாயிலிருந்து நுண்ணிய சில்லு பெயர்ந்து விழுகிறது என்று கண்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு அண்ணனின் இடது கைதான் நினைவுக்கு வந்தது. தோலை இறுக்கி, முடியை நிமிர்த்தி, நுரையால் தாங்கிப் பிடித்து வெட்டினால் முகத்துக்கு மட்டுமல்ல, கத்திக்கும் ஆயுள்.

நுரை

டப்பாவை அமுக்கினால் வருகிற நுரையில் காற்றுதான் அதிகம். சோப்பும் பிரஷும் வாங்கிக்கொள்ளுங்கள். பிரஷைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, லேசாக உதறி, சோப்பில் அரை நிமிடம் சுற்றி, பிறகு முகத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே சுற்றுங்கள். கெட்டித் தயிர் போல, ஆனால் பளபளப்பாக வர வேண்டும். குமிழி தெரிந்தால் தண்ணீர் அதிகம். விறைத்து மேடாக நின்றால் தண்ணீர் போதாது. மலைத் தண்ணீரில் நுரை சுலபமாக வரும். கீழே போர் தண்ணீரில் சோப்பு இரட்டிப்பாகச் செலவாகும். நுரை காய்ந்துபோனால் கத்தியை வைக்காதீர்கள். பிரஷை ஈரப்படுத்தி மறுபடி பூசுங்கள்.

முடியின் போக்கு

சவரம் செய்து இரண்டு நாள் ஆனபின் விரல் நுனியால் முகத்தை எல்லாத் திசையிலும் தடவிப் பாருங்கள். வழவழப்பாகப் போகிற பக்கம்தான் முடியின் போக்கு. சொரசொரப்பாகத் தடுக்கிற பக்கம் எதிர்ப்போக்கு. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழே வளரும். கழுத்தில் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறும். எனக்குத் தொண்டைக்கு இடப்புறம் ஒரு சுழி இருக்கிறது, மாட்டின் நெற்றியில் இருக்கிற மாதிரி. அது தெரியாமல் ஒரு வருஷம் அந்த இடத்தில் மட்டும் ஏன் கொப்புளம் வருகிறது என்று சோப்பை மாற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் சவரம்

முதல் வாரம் கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியை வழக்கமான ரேசரில் முடியுங்கள். இரண்டாம் வாரம் தாடை ஓரம், மூன்றாம் வாரம் கழுத்து, கடைசியாக மோவாயும் மேலுதடும். இந்த வரிசையில் போனவர்கள் இரண்டு மாதத்தில் முழு முகத்துக்கும் வந்துவிடுகிறார்கள். முதல் நாளே மோவாயில் கை வைத்தவர்களில் பலர் கத்தியைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார்கள்.

வலது கன்னம். இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காதுக்கு முன்னால், கிருதாவுக்குப் பக்கத்தில் நுரை இல்லாத இடத்தில் விரல்களை வைத்துத் தோலை மேல்நோக்கி இழுங்கள். கத்தியைக் கன்னத்தில் முழுசாகப் படுக்க வையுங்கள். அங்கிருந்து முதுகை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். முதுகுக்கும் தோலுக்கும் நடுவே, முதுகின் தடிமனைப் போல இரண்டு மடங்கு இடைவெளி வரும்போது நிறுத்துங்கள். அதுதான் கிட்டத்தட்ட 30 டிகிரி. இன்னும் நிமிர்த்தினால் சுரண்டும், வெட்டும். இன்னும் படுத்தால் முடியைப் பிடித்து இழுக்கும்.

இப்போது கீழே இறக்குங்கள். ஓர் அங்குலம் போதும். நிறுத்துங்கள், எடுங்கள், துடையுங்கள். அடுத்த அங்குலம். கத்தி எப்போதும் வாய் பார்க்கிற திசையில் மட்டும் நகர வேண்டும். வெங்காயம் நறுக்கும்போது கத்தியை நீளவாக்கில் இழுக்கிறோம் அல்லவா, அந்த அசைவு ஒரு நூல் அளவு வந்தாலும் கன்னம் பிளந்துவிடும். இந்தக் கத்தியால் வருகிற ஆழமான வெட்டுகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். முகத்தில் கத்தி இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் திரும்பாதீர்கள். முதலில் கத்தி வெளியே வரட்டும், பிறகு பதில் சொல்லுங்கள்.

அழுத்தம் பற்றி. இளவட்ட வயதில் எஸ்டேட்டில் கவாத்து வேலைக்குப் போயிருக்கிறேன். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெட்டிக் கட்டுப்படுத்துகிற வேலை. கவாத்துக் கத்தி மழுங்கியிருந்தால் கை தானாகப் பலம் போடும்; பலம் போட்டால் கிளை வெட்டுப்படாமல் பிளக்கும், பட்டை உரியும், அந்த வழியாகச் செடி அழுகும். "பலம் வேணும்னு தோணுச்சுன்னா தீட்டற நேரம் வந்துடுச்சு" என்பார் எங்கள் மேஸ்திரி. முகத்துக்கும் அதே கணக்கு. கத்தியின் சொந்தக் கனத்தை மட்டும் முகத்தில் விடுங்கள். முடி போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள். தோல் இறுக்கமாக இருக்கிறதா, நுரை ஈரமாக இருக்கிறதா, சாய்வு மாறிவிட்டதா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் கத்தி பட்டைக்குப் போக வேண்டும்.

இடது கன்னத்துக்கு இரண்டு வழி. கத்தியை இடது கைக்கு மாற்றலாம், அல்லது வலது கையாலேயே முகத்துக்குக் குறுக்கே எட்டலாம். முதல் நாளிலிருந்தே இடது கையைப் பழக்குகிறவர்களுக்கு அது நல்ல வழி, கண்ணாடியில் கை மறைக்காது. நான் வலது கையிலேயே செய்கிறேன். இழுக்கிற கையை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

தாடை எலும்பின் மேல் கத்தி நேராக ஏறி இறங்கக்கூடாது. தாடைத் தோலை மேலே இழுத்து, கன்னத்தின் சமதளத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள். எலும்பு இருந்த இடத்தில் இப்போது கழுத்துத் தோல் இருக்கும். மேடு பள்ளத்தில் கத்தியை வளைப்பதைவிட, தோலைச் சமதளத்துக்கு நகர்த்துவது எப்போதும் சுலபம். இந்த ஒரு உத்தி புரிந்துவிட்டால் பாதி முகம் கைக்கு வந்த மாதிரி.

கழுத்துக்குத் தலையைப் பின்னால் சாய்த்து, காறை எலும்புக்குச் சற்று மேலே விரல் வைத்துத் தோலைக் கீழே இழுங்கள். குரல்வளை மேட்டின் மேல் கத்தியை ஓட்ட வேண்டாம். தோலை ஒரு பக்கமாக ஒதுக்கி, மேட்டின் மேல் இருந்த தோலைப் பக்கத்துச் சமதளத்துக்குக் கொண்டுவந்து வழியுங்கள், பிறகு மறுபக்கம். அந்த நேரத்தில் எச்சில் விழுங்காதீர்கள்.

மோவாயில் முடி கனம், தோல் வளைவு. கீழுதட்டைப் பல்லின் மேல் உள்ளே மடித்து இழுத்தால் தோல் இறுகும். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே இழுப்பில் போகாதீர்கள், வளைவுக்கு ஏற்றபடி மணிக்கட்டு திரும்பிக்கொண்டே வர வேண்டும். கீழுதட்டின் அடியில் இருக்கிற குழியில் கத்தியின் நுனிப்பகுதி மட்டும்தான் போகும்.

மீசை வைத்திருக்கிறவர்களுக்கு மேலுதடு வேலை மிச்சம். மீசையின் ஓரக்கோடு மட்டும்தான். நுனியை வைத்து, கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் இழுங்கள். மழிக்கிறவர்கள் மூக்கை விரலால் மேலே தள்ளி, மேலுதட்டைக் கீழே இழுத்து, உதட்டுக்கு ஓர் இழை மேலேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது சுற்று

முதல் சுற்று முடிந்ததும் கண்ணாடியில் நிழல் தெரிந்தால் பரவாயில்லை. மறுபடி நுரை பூசி, முடியின் போக்குக்குக் குறுக்காக ஒரு சுற்று. பெரும்பாலோருக்கு இதுவே போதும். எதிர்ச் சவரம் செய்தால்தான் சவரம் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. சுருட்டை முடிக்காரர்களுக்கும் முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்கிறவர்களுக்கும் எதிர்ச் சவரம் கொப்புளத்தைத்தான் கொடுக்கும். நான் கன்னத்தில் மட்டும் செய்வேன், கழுத்தில் ஒருநாளும் இல்லை. ஆறு மாதம் ஆகாமல் முயற்சி செய்ய வேண்டாம்.

முடித்த பிறகு

குழாயில் வருகிற மலைத் தண்ணீரை அப்படியே முகத்தில் அடியுங்கள். பிறகு படிகாரக் கல்லை நனைத்து முகம் முழுக்கத் தடவுங்கள். எங்கெல்லாம் எரிகிறதோ அங்கெல்லாம் அழுத்தியிருக்கிறீர்கள். நான் ஒரு வருஷம் அதை நோட்டில் எழுதி வைத்தேன்: இடது தாடை, இடது தாடை, மோவாய், இடது தாடை. இடது தாடையில் என் விரல் வழுக்கிக்கொண்டிருந்தது என்று அந்த நோட்டுதான் சொன்னது. அரை நிமிடத்தில் படிகாரத்தைக் கழுவிவிடுங்கள். மலைக்காற்றில் அது தோலை வறள அடித்துவிடும். நல்ல மாய்ஸ்சரைசர் கொஞ்சம் போதும். இங்கே எல்லார் வீட்டிலும் யூகலிப்டஸ் தைலம் இருக்கும், கிருமி போகும் என்று அதை எடுத்துப் பூசுகிறவர்களும் உண்டு. மழித்த தோலில் அது தீ. தொடாதீர்கள்.

சின்ன வெட்டுக்குப் படிகாரம் போதும். ஆழமானது என்றால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தக் கத்தியைத் தொடுமுன் டாக்டரைக் கேளுங்கள். மருவையும் பருவையும் சுற்றிப் போங்கள்.

கல்லில் தீட்டுவது

எங்கள் தாத்தா டீ ஃபாக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். காம்பில் ஷெஃபீல்டு என்று பொறித்த கத்தி ஒன்று வைத்திருந்தார். அவர் போனபின், சைக்கிளில் சாணை வைத்துக்கொண்டு வருகிறவரிடம் சித்தப்பா அதைக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பொறி பறந்தது, வாய் ஓரத்தில் நீல நிறம் ஏறியது. அந்த நீலம் எஃகின் கடினம் போய்விட்டதற்கு அடையாளம். அரிவாளுக்கும் கத்தரிக்கும் சரியான அந்தச் சாணை, சவரக் கத்திக்கு எமன். அந்தக் கத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு முடியைக்கூட வெட்டாது.

தட்டையான தண்ணீர்க் கல், அதாவது தண்ணீரில் நனைத்துத் தீட்டுகிற கல் வேண்டும். முதுகும் வாயும் இரண்டும் கல்லில் படுத்திருக்க, இந்த முறை வாய் முன்னால் போக வேண்டும். முதுகின் தடிமனே சரியான கோணத்தைக் கொடுத்துவிடும், நீங்கள் தூக்கவோ சாய்க்கவோ வேண்டியதில்லை. முற்றிலும் மழுங்கிய கத்தி என்றால் 1000 எண் கல்லில் தொடங்கி, 4000 அல்லது 5000, பிறகு 8000, கடைசியில் 12000. எண் ஏற ஏறக் கல் நைசாகும். நன்றாகப் பராமரித்த கத்திக்குக் கடைசிக் கல் மட்டும், அதுவும் சில மாதங்களுக்கு ஒருமுறை. பழகுகிற காலத்தில் இதைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். மழுங்கிய கத்தியில் பழகினால் கைக்கு அழுத்தம்தான் பழகும், அதை மறக்கடிக்க வருஷம் பிடிக்கும்.

மழைக்காலத்தில்

சவரக் கத்தி பெரும்பாலும் கார்பன் எஃகு. ஒரே இரவில் துரு பிடிக்கும். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் துணியே காயாது, கத்தி எப்படிக் காயும்? சவரம் முடிந்ததும் கழுவி, மெல்லிய துணியால் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடையுங்கள். பட்டையில் ஐந்தாறு தடவை போட்டால் மிச்ச ஈரமும் போகும். ஒரு மணி நேரம் திறந்தே இருக்கட்டும். குளியலறையில் வைக்காதீர்கள். தோல் உறைக்குள்ளும் வேண்டாம், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

நாலு நாளைக்குமேல் தொடப்போவதில்லை என்றால் எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம் மலையில் அது பாட்டிலில் கல்லாகத்தான் கிடக்கிறது, பூசினாலும் நாளடைவில் பிசுக்குப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். செருப்பு டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை எடுத்து வைத்து, ஒரு பிஸ்கட் டின்னில் கத்தியோடு போட்டு மூடி, சமையலறைப் பக்கச் சுவர் அலமாரியில் வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து, ஆணி இருக்கிற இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். துரு முதலில் அங்கேதான் வரும்.